துருக்கி குடும்பச் சட்டம்: நூறு வருஷத்தில் குழந்தைக்கு என்ன கிடைத்தது?

நீலப்பேனா (இழையைத் தொடங்கியவர்)

துருக்கியின் சிவில் சட்டம் 1926 பிப்ரவரி 17 அன்று அங்காரா நாடாளுமன்றத்தில் நிறைவேறி, அக்டோபர் 4 முதல் அமலுக்கு வந்தது. பலதார மணம் ஒழிந்தது. தலாக் சொல்லிப் பிரிவது செல்லாமல் போனது. மகனுக்கும் மகளுக்கும் சொத்தில் சம பங்கு. மக்களில் பெரும்பாலானோர் முஸ்லிம்களாக இருக்கும் ஒரு நாடு குடும்பச் சட்டத்தை முழுக்க மதத்துக்கு வெளியே எடுத்து வைத்தது அதுதான் முதல் தடவை.

நம் பக்கத்தில் பொது சிவில் சட்டம் என்று பேச்சு கிளம்பினாலே துருக்கி வந்துவிடும். ஒரு தரப்பு அதை முன்மாதிரி என்கிறது, இன்னொரு தரப்பு மேலிருந்து திணித்தது என்கிறது. இரண்டு தரப்பும் பேசுவது கணவன் மனைவியைப் பற்றி மட்டும்தான். அந்த வீட்டில் பிறந்த குழந்தை எங்கே? அதற்கு யார் அப்பா என்று எழுதினார்கள், பிரிவு வந்தால் யாரோடு போனது, அதனிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? இதை மட்டும் இந்த இழையில் பேசலாம். நம் ஊர் அரசியலுக்குள் போக வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பழைய வக்கீல்

நல்ல கேள்வி. கொஞ்சம் பின்னால் இருந்து தொடங்குகிறேன்.

1926இல் எல்லாம் திடீரென்று நடந்தது என்பது பாதி உண்மை. குடியரசுக்கு முன் ஆண்ட உஸ்மானிய அரசே 1917இல் ஒரு குடும்பச் சட்ட ஆணை கொண்டுவந்தது. ஆணுக்கு 18, பெண்ணுக்கு 17 என்று திருமண வயது வைத்தார்கள். அதற்குக் கீழே என்றால் நீதிபதியின் அனுமதி வேண்டும். 12 வயது ஆகாத பையனுக்கும் 9 வயது ஆகாத பெண்ணுக்கும் யார் நினைத்தாலும் மணம் முடித்துவைக்க முடியாது. இவ்வளவையும் ஷரீஆ மரபுக்குள்ளேயே நின்று, வேறு வேறு மத்ஹபுகளின் (இஸ்லாமியச் சட்ட மரபுப் பிரிவுகளின்) கருத்தை எடுத்துச் சேர்த்துச் செய்தார்கள். 1919இல் துருக்கியில் அந்த ஆணையை ரத்து செய்துவிட்டார்கள். ஆனால் லெபனான் போன்ற இடங்களில் அது பேரரசு போன பிறகும் உயிரோடு இருந்தது.

பிறகு குடியரசு. நீதி அமைச்சர் மஹ்மூத் எசாத் சுவிட்சர்லாந்தில் சட்டம் படித்தவர். சுவிஸ் சிவில் சட்டத்தின் பிரெஞ்சு வடிவத்தை அப்படியே துருக்கிக்குக் கொண்டுவந்தார்கள். 1923 லொசான் ஒப்பந்தப்படி யூதர், ஆர்மேனியர், கிரேக்கர் தங்கள் குடும்ப விவகாரங்களைத் தங்கள் வழக்கப்படி தீர்த்துக்கொள்ளலாம் என்று இருந்தது. புதிய சட்டம் வரப்போகிறது என்றதும், 1925இலேயே அந்தச் சமூகங்கள் அந்த உரிமையை விட்டுக்கொடுத்தன. விரும்பிக் கொடுத்தார்களா, கொடுக்கவைத்தார்களா என்பது தனி விவாதம். ஆக எல்லோருக்கும் ஒரே சட்டம்.

இனி குழந்தைக்கு வருவோம். இந்தச் சட்டத்தில் திருமணம் என்றால் அரசு அலுவலர் முன்னால் நடப்பது மட்டும்தான். இமாம் வைக்கும் நிக்காஹ் சட்டத்தின் கண்ணில் கிடையாது. நகரத்தில் இது பெரிய பிரச்சினையாக இல்லை. அனடோலியாவின் உள்கிராமங்களிலோ பாதை கிடையாது, பதிவு அலுவலர் கிடையாது. மக்கள் பாட்டன் காலத்து வழக்கப்படி இமாமை வைத்து முடித்துக்கொண்டே இருந்தார்கள். அவர்களுக்குப் பிறந்த குழந்தைகள் எல்லாம் பதிவேட்டில் 'திருமணத்துக்கு வெளியே பிறந்தவர்கள்' ஆகிவிட்டார்கள். ஊருக்கே தெரியும் யார் அப்பா என்று. பதிவேட்டுக்குத் தெரியாது.

இது எவ்வளவு பெரிய கூட்டமாக ஆனது என்பதற்கு நாடாளுமன்றமே சாட்சி. 1933இல் ஒரு சிறப்புச் சட்டம் போட்டு, இப்படிப் பிறந்த குழந்தைகளை அப்பாவின் பெயரில் பதிந்துகொள்ள அனுமதித்தார்கள். ஒரு தடவையோடு தீரும் என்று நினைத்திருப்பார்கள் போல. தீரவில்லை. 1991 வரை திரும்பத் திரும்ப அதே மாதிரிச் சட்டம் போட வேண்டியிருந்தது. அறுபது வருஷம் அரசு குழந்தைகளுக்கு 'மன்னிப்பு' வழங்கிக்கொண்டிருந்தது. அந்தக் குழந்தைகள் செய்த குற்றம் என்ன?

வாரிசுரிமையும் அப்படித்தான். நீதிமன்றத்தில் அப்பா இன்னார் என்று நிரூபித்துவிட்டாலும், திருமணத்துக்குள் பிறந்த பிள்ளைக்குக் கிடைப்பதில் பாதிதான் வெளியே பிறந்த பிள்ளைக்கு. 1987இல் அரசியல் சட்ட நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. 1990இல் சட்டத்தைத் திருத்திச் சம பங்கு ஆக்கினார்கள். சட்டம் வந்து 64 வருஷம் கழித்து.

மலைக்கோட்டை

வக்கீல் ஐயா, நீங்கள் சொன்னதை வைத்தே கேட்கிறேன். அப்படியானால் அந்தக் குழந்தைகளைத் தண்டித்தது மதச்சார்பற்ற சட்டம்தானே? பழைய முறையே இருந்திருந்தால் நிக்காஹ் நடந்ததும் அவை முறையான குழந்தைகள். அப்பா பெயர் உண்டு, பங்கு உண்டு. சட்டம் மாறியதால்தான் அவை பெயரில்லாமல் போயின.

பழைய வக்கீல்

அந்த ஒரு விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, மலைக்கோட்டை. பெற்றோர் பதியாமல் விட்டதற்குப் பிள்ளையைத் தண்டித்தது கொடுமை. அதை நான் மறைக்க மாட்டேன்.

ஆனால் பழைய முறையில் இருந்ததையும் சேர்த்துப் பாருங்கள். திருமணத்துக்கு வெளியே பிறந்த குழந்தைக்கு அங்கேயும் அப்பா வழியில் எதுவும் கிடையாது. மகளுக்குப் பாதிப் பங்கு. பிரிவு வந்தால், அங்கே இருந்த ஹனஃபி மத்ஹபின் வழக்கப்படி பையன் 7 வயது வரை, பெண் 9 வயது வரை அம்மாவிடம்; பிறகு அப்பாவிடம் போக வேண்டும். அம்மா வேறொருவரை மணந்தால் அதற்கும் முன்பே போகலாம். வயது கணக்குத்தான் தீர்ப்பு. அந்தப் பிள்ளைக்கு எது நல்லது என்று நீதிபதி ஆராய வேண்டிய இடம் மிகக் குறைவு. 1926 சட்டம் அந்தக் கணக்கை எடுத்துவிட்டு நீதிபதியிடம் முடிவை விட்டது. இது சின்ன மாற்றம் இல்லை.

அதே சட்டத்தில் இன்னொன்றும் இருந்தது. பெற்றோர் ஒன்றாக வாழும்போது பிள்ளை விஷயத்தில் இருவருக்கும் கருத்து வேறுபட்டால் அப்பா சொல்வதே முடிவு. கணவன்தான் குடும்பத் தலைவன். மனைவி வேலைக்குப் போகக் கணவன் சம்மதம் வேண்டும் என்ற பிரிவை 1990இல்தான் நீதிமன்றம் நீக்கியது. அப்பா சொல்வதே முடிவு என்பது 2002 ஜனவரி 1 அன்று புதிய சிவில் சட்டம் வரும் வரை இருந்தது. சுவிஸ் நாட்டிலிருந்து வந்த சட்டம் என்பதால் இதெல்லாம் மதத்திலிருந்து வந்ததில்லை என்பதையும் கவனியுங்கள். அந்தக் காலத்து ஐரோப்பாவும் அப்படித்தான் இருந்தது.

இஸ்மிர்வாசி

வக்கீல் ஐயா எழுதியதைப் படித்துவிட்டு எழுதுகிறேன். திருமணமாகி இங்கே, துருக்கியின் இஸ்மிர் நகருக்கு, வந்து பல வருஷம் ஆகிறது.

இங்கே கல்யாணம் எப்படி நடக்கும் என்று பலருக்குத் தெரியாது. நகராட்சி நிக்காஹ் மண்டபத்தில் அலுவலர் அங்கி போட்டுக்கொண்டு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார். பெண்ணிடமும் பையனிடமும் தனித்தனியே, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் சம்மதமா என்று ஒலிபெருக்கியில் கேட்பார். சாட்சிகள் கையெழுத்துப் போடுவார்கள். முடிந்ததும் ஒரு சிவப்புக் குடும்பப் புத்தகத்தை மணப்பெண் கையில்தான் கொடுப்பார். அவள் அதைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டுவாள், கூட்டம் கைதட்டும். அந்தப் புத்தகத்தில் பின்னால் பிள்ளைகளின் பெயரை எழுதப் பக்கங்கள் இருக்கும். இது முடிந்த பிறகோ முந்தின நாளோ வீட்டில் இமாமை வைத்தும் ஓதிக்கொள்வார்கள். நான் பார்த்த குடும்பங்களில் பெரும்பாலோர் இரண்டும் செய்கிறார்கள். ஒன்றோடொன்று மோதுவதாக யாரும் நினைப்பதில்லை.

2017இல் ஒரு சட்டம் போட்டு முஃப்திகளுக்கும் (அரசு நியமிக்கும் மார்க்க அதிகாரிகள்) அரசுத் திருமணத்தைப் பதியும் அதிகாரம் கொடுத்தார்கள். அப்போது பெரிய எதிர்ப்பு. பெண்கள் அமைப்புகள் தெருவில் இறங்கின. நான் அந்த எதிர்ப்போடுதான் நின்றேன், இப்போதும் நிற்கிறேன். ஆனால் பயந்தது போல வயது விதி மாறவில்லை. முஃப்தி பதிந்தாலும் அதே சிவில் சட்டம்தான். சிக்கல் எங்கே என்றால், 2015இல் அரசியல் சட்ட நீதிமன்றம் வேறொரு தண்டனைப் பிரிவை நீக்கிவிட்டது. அரசுப் பதிவு இல்லாமல் மதச் சடங்கு மட்டும் செய்கிறவர்களுக்கும், செய்துவைக்கிற இமாமுக்கும் அதுவரை சிறைத் தண்டனை இருந்தது. கல்யாணமே செய்யாமல் சேர்ந்து வாழ்பவர்களுக்குத் தண்டனை இல்லாதபோது இவர்களுக்கு மட்டும் ஏன் என்பது நீதிமன்றத்தின் வாதம். பெரியவர்களுக்கு அது நியாயம். 15 வயதுப் பெண்ணுக்கு ஓதிவைக்கும் வீட்டில் அந்தப் பிரிவு ஒரு பயமாகவாவது இருந்தது.

குழந்தைநலம்

சகோதரி இஸ்மிர்வாசி கடைசியில் சொன்னதில்தான் நான் நின்றுவிட்டேன். என் வேலை குழந்தைகள் நலம் சார்ந்தது. அதனால் துருக்கிச் சட்டத்தில் வயதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

1926இல் ஆணுக்கு 18, பெண்ணுக்கு 17 என்று வைத்தவர்கள், 1938இல் அதை ஆணுக்கு 17, பெண்ணுக்கு 15 என்று இறக்கினார்கள். கிராமத்து வழக்கத்தோடு சட்டம் ஒத்துப்போகவில்லை, பதியாத திருமணங்கள் பெருகின என்பது காரணம். அதாவது வழக்கத்தை மாற்ற வந்த சட்டம் வழக்கத்துக்கு வளைந்தது. பெண்ணுக்கு 15 என்பது 2002 வரை இருந்தது. இப்போது இருவருக்கும் 17 முடிந்திருக்க வேண்டும், பெற்றோர் சம்மதமும் வேண்டும். விசேஷக் காரணம் இருந்தால் 16 முடிந்தவர்களுக்கு நீதிபதி அனுமதி தரலாம்.

இதில் கவனிக்க வேண்டியது சிவில் சட்டத்தின் 11ஆம் பிரிவு. திருமணம் ஆனால் வயதுக்கு வந்தவர் ஆகிவிடுவார். 16 வயதுப் பெண் நீதிபதி அனுமதியோடு மணந்தால், மறுநாள் அவள் சட்டப்படி முதிர்ந்தவள். ஆனால் 2005இல் வந்த குழந்தைப் பாதுகாப்புச் சட்டம், முன்கூட்டியே முதிர்ந்தவர் ஆனாலும் 18 முடியாத யாரும் குழந்தைதான் என்கிறது. ஒரே பெண். ஒரு சட்டத்தில் மனைவி, தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டியவள். இன்னொன்றில் அரசு பாதுகாக்க வேண்டிய குழந்தை. புகுந்த வீட்டில் அடி வாங்கினால் அவள் எந்தக் கதவைத் தட்ட வேண்டும்? குழந்தை என்று தட்டினால் திறக்க வேண்டும் என்பது 2005 சட்டத்தின் பதில். நடைமுறையில் எல்லா இடத்திலும் அப்படி நடக்கிறது என்று சொல்லிவிட முடியாது.

எண்ணிக்கையைப் பார்த்தால் நல்ல செய்தி உண்டு. துருக்கியின் புள்ளிவிவர நிறுவனம் ஒவ்வொரு வருஷமும் குழந்தைகள் தினத்தை ஒட்டி வெளியிடும் கணக்கில், மொத்தப் பதிவுத் திருமணங்களில் 16, 17 வயதுப் பெண்களின் பங்கு 2002இல் 7.3 சதவீதம். இருபது வருஷத்தில் அது 2 சதவீத அளவுக்கு இறங்கிவிட்டது. பள்ளிப் படிப்பு கட்டாயமானது இதற்குப் பெரிய காரணம். 1997இல் எட்டு வருஷம், 2012இல் பன்னிரண்டு வருஷம். ஆனால் இது பதிவான திருமணங்களின் கணக்கு. பதியாமல் ஓதிவைத்தவை இதில் வராது. போருக்குத் தப்பிச் சிரியாவிலிருந்து வந்த குடும்பங்களில் வறுமையால் நடந்தவையும் இதில் வராது.

2016 நவம்பரில் நடந்ததை மறக்க முடியாது. சிறுமியோடு உறவு கொண்டவர் அவளை மணந்துகொண்டால் தண்டனையை நிறுத்திவைக்கலாம் என்று ஒரு மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்தது. நாடு முழுக்கப் பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். தலையில் முக்காடு போட்டவர்களும் போடாதவர்களும் ஒன்றாக நின்றார்கள். ஆளும் கட்சிக்கு நெருக்கமான பெண்கள் அமைப்பும் எதிர்த்தது. சில நாளிலேயே மசோதாவைத் திரும்பப் பெற்றார்கள். மணந்தால் தண்டனை போகும் என்ற பழைய பிரிவை 2005 தண்டனைச் சட்டத்தில் நீக்கியிருந்தார்கள். அதைப் பின்வாசல் வழியாக உள்ளே கொண்டுவரப் பார்த்தார்கள், முடியவில்லை.

காத்தான்குடிக்காரன்

குழந்தைநலம் எழுதினதை வாசிக்கும்போது எங்கட 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டம் ஞாபகம் வந்தது. இலங்கையில் பொதுச் சட்டத்தில் 1995இல் 18 ஆக்கிவிட்டார்கள். எங்களுக்கு மட்டும் குறைந்த வயது என்று ஒன்று சட்டத்தில் இல்லை. 12க்குக் கீழே என்றால் காதியின் (முஸ்லிம் விவாக வழக்கைக் கேட்கும் நீதிபதி) அனுமதி வேண்டும் என்று மட்டும் எழுதி வைத்தார்கள். நீதியரசர் சலீம் மர்சூஃப் தலைமையில் 2009இல் போட்ட குழு 2018இல்தான் அறிக்கை கொடுத்தது. எங்கட பெண் பிள்ளைகள்தான் அதற்காக வருஷக்கணக்கில் கொழும்புக்கும் கிழக்குக்கும் அலைகிறார்கள். இழைக்கு வெளியே போகக் கூடாது என்பதால் இத்தோடு விடுகிறேன்.

வக்கீல் நானாவிடம் ஒன்று. 1917 ஆணையில் மார்க்கத்துக்குள்ளேயே நின்று வயது வைத்தார்கள் என்றீர்கள். எங்களுக்கு அதுதான் பெரிய செய்தி. மார்க்கத்தை விட்டால்தான் பிள்ளையைக் காப்பாற்றலாம் என்று சொன்னால் எங்கட ஊரில் கேட்க ஆள் இல்லை. நூறு வருஷத்துக்கு முன்பே கலீஃபாவின் நாட்டில் செய்தார்கள் என்று சொன்னால் கேட்பார்கள்.

பழைய வக்கீல்

அதைத் தாராளமாகச் சொல்லுங்கள் தம்பி. வரலாறு உங்கள் பக்கம்தான் நிற்கிறது. துனிசியாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1956இல் பலதார மணத்தைத் தடை செய்தபோது அவர்கள் மார்க்கத்தை விட்டு வெளியே போனதாகச் சொல்லவில்லை, புதிதாக ஆராய்ந்து விளக்கம் சொல்வதாகச் சொன்னார்கள். 1958இல் தத்தெடுப்பைக்கூடச் சட்டமாக்கினார்கள். தத்துப்பிள்ளைக்கு வீட்டுப் பெயரும் வாரிசுரிமையும் உண்டு. அரபு நாடுகளில் இது அபூர்வம்.

இஸ்மிர்வாசி

பிரிவு வந்தால் பிள்ளை என்ன ஆகிறது என்று நீலப்பேனா கேட்டதற்கு வக்கீல் ஐயா பழைய காலத்தைச் சொன்னார், இன்று என்ன நடக்கிறது என்று இன்னும் யாரும் எழுதவில்லை. நான் அருகில் இருந்து பார்த்ததை எழுதுகிறேன்.

எங்கள் கட்டடத்தில் ஒரு தோழி விவாகரத்து ஆனவர். பையன் அவரிடம் இருக்கிறான். நீதிமன்றத் தீர்ப்பில் அப்பா பார்க்கும் நேரம் மணிக்கணக்கோடு எழுதியிருக்கும்: மாதத்தின் முதல், மூன்றாம் வாரக் கடைசியில் சனி காலை 10 முதல் ஞாயிறு மாலை 5 வரை, பெருநாளின் இரண்டாம் நாள், பள்ளி விடுமுறையில் ஜூலை மாதம். இங்கே அநேகமாக எல்லாத் தீர்ப்பும் இந்த அச்சில்தான் இருக்கும்.

பெற்றோர் ஒத்துப்போகவில்லை என்றால் முன்பு என்ன நடக்கும் தெரியுமா? பார்க்க வேண்டிய அப்பா கடன் வசூல் நிறைவேற்று அலுவலகத்துக்குப் போய் மனுப் போட வேண்டும். கட்டணம் கட்ட வேண்டும், அலுவலர் வந்துபோகும் வண்டிச் செலவையும் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு சந்திப்புக்கும் இதே கதை. அலுவலர், ஒரு நிபுணர், தேவைப்பட்டால் போலீஸ் என்று கூட்டமாக வீட்டு வாசலுக்கு வருவார்கள். கடன் கட்டாதவன் வீட்டில் குளிர்பதனப் பெட்டியைத் தூக்கிப் போகும் அதே சட்டத்தின் கீழ், அதே அலுவலகம். பிள்ளை கதவுக்குப் பின்னால் நின்று அழும். அக்கம்பக்கத்தார் மாடிப்படியில் எட்டிப் பார்ப்பார்கள். அந்தப் பையன் ஒரு தடவை அப்படிப் போனதை அவன் அம்மா சொல்லும்போது இப்போதும் குரல் உடையும்.

2021 நவம்பரில் இதை மாற்றினார்கள். பிள்ளையை ஒப்படைக்கும் வேலையை அந்த அலுவலகத்திடமிருந்து பிடுங்கி, நீதி அமைச்சகத்தின் கீழ் பாதிக்கப்பட்டோருக்கு உதவும் பிரிவிடம் கொடுத்தார்கள். கட்டணம் கிடையாது. வீட்டு வாசல் கிடையாது. அதற்கென்று ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். தோழியோடு ஒரு சனிக்கிழமை நானும் போனேன். குட்டை நாற்காலிகள், தரையில் விரிப்பு, ஒரு பெட்டி நிறைய மரக்கட்டைகள். சீருடை போட்ட யாரும் கண்ணில் படவில்லை. அங்கிருந்த உளவியலாளர் பெண் எங்களைப் பார்ப்பதற்கு முன் பையன் உயரத்துக்குக் குனிந்து, சாப்பிட்டாயா, பையில் என்ன வைத்திருக்கிறாய் என்று கேட்டார். அவன் பையைத் திறந்து கால்பந்துக் காலுறையைக் காட்டினான். அப்பா வந்ததும் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டான்.

எனக்கு அரசியல் சட்டத் திருத்தங்களைவிட இந்த மாற்றம் பெரிதாகத் தெரிகிறது. ஒரு குழந்தை நினைவில் வைத்திருக்கப்போவது அந்த வாசலைத்தான், சட்ட எண்ணை இல்லை.

பழைய வக்கீல்

சகோதரி எழுதியதுதான் இந்த இழையில் எல்லாவற்றையும்விட முக்கியமான பதிவு. அதோடு சட்டப் பக்கத்தைச் சேர்த்து வைக்கிறேன்.

ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையில் துருக்கி 1990இல் கையெழுத்திட்டு 1995இல் உறுதிப்படுத்தியது. அதன் 12ஆம் பிரிவு, தன்னைப் பற்றிய வழக்கில் குழந்தை கருத்துச் சொல்லலாம் என்கிறது. 2003இல் குடும்ப நீதிமன்றங்களைத் தனியாக அமைத்தார்கள். உளவியலாளர், கல்வியாளர், சமூகப் பணியாளர் மூவரும் நீதிமன்றத்தோடு சேர்ந்தவர்கள். பிள்ளைக்கு விவரம் தெரியும் வயது வந்துவிட்டால் அதைக் கேட்காமல் பாதுகாப்பைத் தீர்மானிக்கக் கூடாது என்று மேல் நீதிமன்றம் தீர்ப்புகளைத் திருப்பி அனுப்பத் தொடங்கியது. பொதுவாக 8 வயதை அந்த எல்லையாகப் பார்க்கிறார்கள். 2010 பொதுவாக்கெடுப்பில் அரசியல் சட்டத்தின் 41ஆம் பிரிவில் குழந்தை உரிமை என்பதே தலைப்பில் ஏறியது. தாய் தந்தை இருவரோடும் நேரடித் தொடர்பு வைத்திருப்பது அப்பாவின் உரிமை, அம்மாவின் உரிமை என்பதற்கு முன் பிள்ளையின் உரிமை என்று எழுதினார்கள்.

இருவரும் சேர்ந்து பொறுப்பு வைத்துக்கொள்ளும் முறை சிவில் சட்டத்தில் இன்றும் தெளிவாக இல்லை. 2016இல் ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையின் 7ஆம் நெறிமுறையை (கணவன் மனைவிக்குப் பிள்ளை விஷயத்திலும் சம உரிமை சொல்வது) ஏற்ற பிறகு, 2017இல் மேல் நீதிமன்றம் அது நாட்டின் பொது ஒழுங்குக்கு விரோதம் இல்லை என்றது. அதை வைத்துக் கீழ் நீதிமன்றங்கள் சில கொடுக்கின்றன.

மலைக்கோட்டை

எல்லாம் சரி. உடன்படிக்கையில் துருக்கி சில பிரிவுகளுக்கு ஒப்புதல் தராமல் வைத்திருக்கிறதே, அதையும் சொல்லுங்கள். 17, 29, 30. சிறுபான்மைக் குழந்தையின் மொழியும் பண்பாடும் பற்றிய பிரிவுகள். அரசியல் சட்டத்துக்கும் லொசான் ஒப்பந்தத்துக்கும் உட்பட்டே பொருள் கொள்வோம் என்று எழுதி வைத்தார்கள். குர்துக் குழந்தையின் தாய்மொழி அங்கே அடிபட்டது. பள்ளியில் சமயப் பாடமும் 1982 அரசியல் சட்டப்படி கட்டாயம். அலெவி என்ற சிறுபான்மை முஸ்லிம் பிரிவைச் சேர்ந்த குடும்பம் ஒன்று ஸ்ட்ராஸ்பர்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போய் 2007இல் ஜெயித்தது. மதச்சார்பற்ற அரசு என்றால் குழந்தையின் மனச்சாட்சியில் கை வைக்கக் கூடாது இல்லையா?

குழந்தைநலம்

கூடாதுதான். முழுக்க ஒப்புக்கொள்கிறேன். குடும்பத்துக்குள் அப்பாவின் அதிகாரத்தைக் குறைத்த அரசு, அந்த இடத்தில் தன் அதிகாரத்தை வைத்துக்கொண்டது. அது குழந்தையின் உரிமை ஆகாது.

அதே மாதிரி இன்னொன்று. பெண்கள் மீதான வன்முறைக்கு எதிரான ஐரோப்பிய உடன்படிக்கை 2011இல் இஸ்தான்புல்லில்தான் கையெழுத்தானது. முதலில் உறுதிப்படுத்தியதும் துருக்கிதான். 2021இல் ஒரு நள்ளிரவு ஆணையில் விலகிவிட்டார்கள். வீட்டில் அடி உதையைப் பார்த்து வளரும் குழந்தையும் பாதிக்கப்பட்டவரே என்று அந்த உடன்படிக்கை சொல்லியிருந்தது. வீட்டு வன்முறையிலிருந்து பாதுகாக்கும் உள்நாட்டுச் சட்டம் 6284 இன்னும் இருக்கிறது. அதையாவது விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று அங்குள்ள பெண்கள் போராடிக்கொண்டிருக்கிறார்கள்.

செவ்வந்தி

இவ்வளவு நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இப்போது ஒரு உதவி. என் சித்தி மகள் இஸ்தான்புல்லில் வேலைக்குப் போன இடத்தில் ஒரு துருக்கியரை மணந்திருக்கிறாள். இமாமை வைத்து நிக்காஹ் மட்டும் நடந்தது. பதியவில்லை. இப்போது ஐந்து மாதக் கர்ப்பம். அவர் நல்லவர்தான் என்கிறாள், அப்புறம் பதியலாம் என்று தள்ளிப்போடுகிறார்கள். பிறக்கப்போகும் குழந்தைக்கு என்ன ஆகும்? வக்கீல் ஐயா, இஸ்மிர்வாசி அக்கா, யாராவது சொல்லுங்கள்.

பழைய வக்கீல்

பயப்பட வேண்டாம் அம்மா. ஆனால் தள்ளிப்போடவும் வேண்டாம்.

இன்றைய சட்டப்படி, பெற்றோர் பதிவுத் திருமணம் செய்யாவிட்டால் குழந்தையின் பாதுகாப்புரிமை முழுக்கத் தாயிடம். அப்பா பெயர் தானாக ஏறாது. அவர் குடிப்பதிவு அலுவலகத்திலோ நோட்டரியிடமோ நீதிமன்றத்திலோ எழுத்தில் இது என் பிள்ளை என்று ஏற்றுக்கொண்டால் ஏறிவிடும். அப்படி ஏறிய பிறகு திருமணத்துக்குள் பிறந்த பிள்ளைக்கு உள்ள அத்தனை வாரிசுரிமையும் உண்டு. அப்பா வழித் துருக்கிக் குடியுரிமையும் அதன் பிறகுதான் கிடைக்கும். படிப்பு முடியும் வரை பராமரிப்புச் செலவும் கேட்கலாம். கட்டவில்லை என்றால் மூன்று மாதம் வரை உள்ளே வைக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

அவர் மறுத்தால் தந்தை யார் என்று தீர்மானிக்க வழக்குப் போடலாம். தாய் போடுவதென்றால் பிறந்து ஒரு வருஷத்துக்குள் போட வேண்டும். இந்தக் கெடுவைத் தவற விடக் கூடாது. பிள்ளைக்கு இருந்த காலக் கெடுவை 2011இல் அரசியல் சட்ட நீதிமன்றம் நீக்கிவிட்டது.

ஆனால் உங்கள் தங்கைக்கு? இமாம் நிக்காஹ் மட்டும் இருந்தால் மனைவி என்ற முறையில் அவளுக்கு எதுவும் கிடையாது. இதே மாதிரி வாழ்ந்து, துணைவர் இறந்த பிறகு ஓய்வூதியம் கேட்ட ஒரு பெண்ணின் வழக்கு ஸ்ட்ராஸ்பர்க் பெரிய அமர்வு வரை போனது. 2010இல் அவர் தோற்றார். பிள்ளைகளுக்குக் கிடைத்தது, அவருக்குக் கிடைக்கவில்லை.

இஸ்மிர்வாசி

செவ்வந்தி, பதிய ஒரு காலைப்பொழுது போதும். காகிதங்களைச் சேர்ப்பதுதான் நேரம் எடுக்கும்: பாஸ்போர்ட், பிறப்புச் சான்றிதழ், அவளுக்குத் திருமணம் ஆகவில்லை என்று ஊரிலிருந்து ஒரு சான்று, அவற்றின் துருக்கி மொழிபெயர்ப்பு, உடல்நலச் சான்று. அவளுக்குத் துருக்கி மொழி போதாது என்றால் மொழிபெயர்ப்பாளரை உட்காரவைப்பார்கள். அவள் தானே கேட்டுப் புரிந்துகொண்டு சம்மதம் சொல்ல வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் மார்க்கப்படி நடக்க வேண்டும் என்று தயங்கினால், நிக்காஹ் ஏற்கெனவே முடிந்துவிட்டது, பதிவு அதோடு மோதாது என்று சொல்லுங்கள்.

செவ்வந்தி

ரொம்ப நன்றி அக்கா, ஐயா. இன்று இரவே பேசுகிறேன். ஒன்று மட்டும். பின்னால் ஏதாவது ஆகி அவள் பிள்ளையோடு ஊருக்கு வந்துவிட்டால்?

பழைய வக்கீல்

அது தனிச் சிக்கல். குழந்தையை ஒரு பெற்றோர் மற்றவர் சம்மதம் இல்லாமல் நாடு மாற்றினால் திருப்பி அனுப்பச் சொல்லும் 1980 ஹேக் உடன்படிக்கையில் துருக்கி சேர்ந்திருக்கிறது. 2007இல் அதற்குத் தனிச் சட்டமும் போட்டார்கள். இலங்கையும் 2001இல் சேர்ந்தது. இந்தியா சேரவில்லை. சேரவில்லை என்பதால் பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம். அப்பா இந்திய உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுப் போடலாம், நீதிமன்றம் பிள்ளையின் நலனைப் பார்த்துத் திருப்பி அனுப்பவும் செய்யும். அவள் இப்போது அந்த அளவுக்கு யோசிக்க வேண்டியதில்லை. முதலில் காகிதங்களை எடுக்கச் சொல்லுங்கள். திருமணமாகவில்லை என்ற சான்று ஊரில் எந்த அலுவலகத்தில் வாங்குவது என்பது அவள் முகவரியைப் பொறுத்தது. மாவட்டத்தைத் தனிச் செய்தியில் அனுப்புங்கள், விசாரித்துச் சொல்கிறேன்.